நீலப் பெட்டியில் ஒரு ரேக்காவது ஓட வேண்டும்

பெரம்பூர் நீலம்:
2018 ஜனவரியில் இங்கே பெரம்பூரில் இருக்கும் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் தன் பழைய வடிவமைப்பில் கடைசிப் பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டது. இப்போது அங்கே எல்எச்பி என்னும் புது வகைப் பெட்டி, வந்தே பாரத் என்று வேறு வேலை நடக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய நீலப் பெட்டிகளையும் ஒவ்வொரு ரயிலாகக் கழற்றி, சிவப்பு எல்எச்பி மாட்டுகிறார்கள். என் கோரிக்கை ஒன்றுதான். தெற்கு ரயில்வேயில் முழு ரேக் ஒன்றையாவது, அதாவது ஒரு ரயிலுக்கான மொத்தப் பெட்டிகளையாவது, நீல நிறத்திலேயே வைத்து, தினசரி ரயிலாக ஓட்ட வேண்டும். மியூசியத்தில் இரண்டு பெட்டியை நிறுத்திக் கயிறு கட்டினால் போதாது.

அப்பா அங்கே பெட்டியின் கூடு கட்டும் ஷெல் ஷாப்பில் வெல்டர். ஆயுத பூஜை அன்று குடும்பத்தை உள்ளே கூட்டிப் போவார். பொரிகடலைப் பொட்டலத்தோடு நான் நிற்பேன். கட்டி முடிக்காத பெட்டியின் கூரை வளைவைத் தடவிக் காட்டி, “இந்த ஓரம் என் கை” என்பார். 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு திறந்து வைத்த தொழிற்சாலை அது. சுவிட்சர்லாந்துக்காரர்கள் கொடுத்த வடிவம்தான், ஆனால் அறுபது வருடத்துக்கு மேல் நம் ஆட்கள் கட்டி நாடு முழுக்க ஓடியது. அதை ஒரே ஒரு ரேக் அளவுக்குக்கூட மிச்சம் வைக்காமல் இருப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஸ்க்ரூ கப்ளிங்:
நண்பரே, உங்கள் அப்பாவின் வேலைக்கு என் வணக்கம். ஆனால் தினசரி ரயில் என்றால் நான் எதிர்ப்பேன். 26 வருடம் பெட்டிகளை மாட்டிக் கழற்றும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவன் நான்.

நீலப் பெட்டியை மாட்டுவது எப்படி என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. இரண்டு பெட்டிக்கும் நடுவே, பெட்டி முனையில் மோதலைத் தாங்கும் பஃபருக்குக் கீழே குனிந்து உள்ளே போக வேண்டும். அந்தக் கனமான வளையத்தைத் தூக்கி எதிர்ப் பெட்டியின் கொக்கியில் போட்டுவிட்டு, நடுவில் இருக்கும் திருகைச் சுற்றி இறுக்க வேண்டும். மழை நாளில் கிரீஸும் தண்ணீரும் சேர்ந்து கை வழுக்கும். அந்த நேரம் இன்ஜின் அரை அடி நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை. எல்எச்பியில் இரண்டு பெட்டியும் முட்டினால், பெட்டிகளை இணைக்கும் கப்ளர் தானே பூட்டிக்கொள்ளும். காற்றுக் குழாய் போன்றவற்றை மாட்ட மட்டும்தான் ஆள் உள்ளே போக வேண்டும்.

அப்புறம் விபத்து. பழைய பெட்டி தடம் புரண்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும், ஒன்றுக்குள் ஒன்று புகும். எல்எச்பியின் கப்ளர் பக்கத்துப் பெட்டி மேலே ஏறாமல் பிடித்துக்கொள்ளும். 2024 அக்டோபர் 11 அன்று கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் மெயின் லைனை விட்டு, பக்கத்தில் பிரியும் லூப் லைனுக்குள் போய், நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலின் பின்னால் மோதியது. வேகம் மணிக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர். பெட்டிகள் சிதறிக் கிடந்த படத்தை எல்லோரும் பார்த்தோம். ஓர் உயிர்கூடப் போகவில்லை. அது எல்எச்பி ரேக்.

பெரம்பூர் நீலம்:
அப்படியானால் 2023 ஜூன் 2? பாலசோர் பக்கம் பகனாகாவில் கோரமண்டல் எக்ஸ்பிரஸும் எல்எச்பிதான். அதுவும் லூப் லைன், அதுவும் நின்றிருந்த சரக்கு ரயில். 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சென்னைக்கு வரவேண்டிய வண்டி அது. பெட்டியை மாற்றினால் உயிர் காப்பாற்றப்படும் என்று அந்தக் குடும்பங்களிடம் சொல்ல முடியுமா? இரண்டு இடத்திலும் தவறு பாதையில்தான் இருந்தது, பெட்டியில் இல்லை.

ஸ்க்ரூ கப்ளிங்:
பாதையில்தான் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோரமண்டல் போன வேகம் 128. மோதியது இரும்புத் தாது ஏற்றிய சரக்கு ரயிலில். 75-க்கும் 128-க்கும் வேகம் இரண்டு மடங்குகூட இல்லை, ஆனால் மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 3 மடங்கு. அந்த அடியை எந்தப் பெட்டியாலும் முழுதாகத் தாங்க முடியாது. அதே இடத்தில் பழைய பெட்டிகள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. 1998-இல் பஞ்சாபில் கன்னா பக்கம் நடந்த ரயில் விபத்தை அப்போது பத்திரிகையில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அரக்கோணம் சீசன்:
பாதுகாப்பு விஷயத்தில் பாயிண்ட்ஸ்மேன் அண்ணன் சொல்வது சரி. ஆனால் எல்எச்பி வந்த நாளிலிருந்து என் ரயிலில் கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஒரு குலுக்கல். போன மாதம் வண்டி எடுத்த எடுப்பில், எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரின் கையிலிருந்த டீ முழுக்க அவர் வேட்டியில். கதவோரம் நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போய்க் கம்பியைப் பிடித்தார்கள். நீலப் பெட்டியில் 15 வருடம் போனேன், இப்படி ஒரு நாள்கூட இல்லை. வண்டி கிளம்பியதே தெரியாது, பிளாட்பாரம் நகர்வதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.

ஸ்க்ரூ கப்ளிங்:
தம்பி, இது நியாயமான புகார். ஸ்க்ரூவை இறுக்கிவிட்டால் இரண்டு பஃபரும் அழுந்தி ஒட்டி நிற்கும், நடுவில் இடைவெளி இருக்காது. அதனால்தான் பழைய ரேக் ஒரே உடம்பாக நகரும். எல்எச்பி கப்ளரில் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. இன்ஜின் இழுக்கும்போது அதனால் வரும் குலுக்கல் ஒவ்வொரு பெட்டியாகத் தாண்டிக் கடைசிவரை போகும். குலுக்கலைக் குறைக்கத்தான் கப்ளருக்குப் பின்னால் அதிர்வைத் தாங்கும் டிராஃப்ட் கியரைப் புது மாதிரியில் போடுகிறார்கள். போட்ட ரேக்கில் வித்தியாசம் தெரிகிறது. அதைச் சரி செய்யச் சொல்லிக் கேட்போம், வாருங்கள், நானும் கூட வருகிறேன். குலுங்குகிறது என்பதற்காகப் பழையதற்குத் திரும்பலாமா?

மேல் பெர்த்:
நான் இன்ஜின் நம்பர் எழுதி வைக்கும் ஆள் இல்லை. இரண்டு பிள்ளைகளோடு திருநெல்வேலி போகிறவள். பழைய ஸ்லீப்பரில் 72 பெர்த், எல்எச்பி ஸ்லீப்பரில் 80. பொங்கலுக்கு முன்னால் வெயிட்டிங் லிஸ்ட்டில் 5-இல் நிற்பவளுக்கு அந்த எட்டு பெர்த் என்ன என்று தெரியும். எனக்குச் சிவப்பே வரட்டும்.

பெரம்பூர் நீலம்:
அக்கா, உங்கள் ரயிலை நான் கேட்கவில்லை. ஒரே ஒரு ரேக்தான் கேட்கிறேன். அந்தத் தடக் தடக் சத்தம், அது காதில் விழுந்தால்தான் எனக்குத் தூக்கமே வரும். எல்எச்பியில் அந்தச் சத்தம் செத்துப்போய்விட்டது.

தண்டவாளத் தாளம்:
இந்த ஒன்றை மட்டும் திருத்திவிடுகிறேன். அது பெட்டியின் சத்தம் இல்லை, தண்டவாளத்தின் சத்தம். முன்பு 13 மீட்டர் தண்டவாளங்களை ஃபிஷ்பிளேட் என்னும் இரும்புத் தகடு போட்டு இணைத்திருப்பார்கள். சக்கரம் ஒவ்வொரு இணைப்பைத் தாண்டும்போதும் வந்ததுதான் தடக். இப்போது மெயின் லைனில் நீளமாக வெல்ட் செய்துவிட்டதால் நீலப் பெட்டியில் போனாலும் அந்தத் தாளம் வராது.

என் மாமா அந்தத் தாளத்தை வைத்தே வேகம் சொல்வார். எச்எம்டி வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு 47 விநாடிக்கு எத்தனை தடக் என்று எண்ணச் சொல்வார். 60 வந்தால் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர். 13 மீட்டரையும் 47 விநாடியையும் வைத்துப் போட்டுப் பாருங்கள், அச்சாக வரும். விழுப்புரம் தாண்டி ஒரு முறை நான் 82 எண்ணினேன். மாமா 81 என்றார். இறங்கும்வரை சண்டை.

பெரம்பூர் நீலம்:
இத்தனை வருடம் நான் பெட்டிக்குக் கொடுத்த பாராட்டு பாதைக்குப் போக வேண்டியதா! சரி, சத்தத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் கோரிக்கையை விடமாட்டேன். 1855-இல் செய்த இஐஆர் 21 நீராவி இன்ஜினைப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் உயிர்ப்பித்து எழும்பூர், கோடம்பாக்கம் என்று ஓட்டிக் காட்டினார்களே. இந்த ஊரிலேயே பிறந்த பெட்டிக்கு அந்த மரியாதை கிடையாதா? பழைய நீலப் பெட்டியின் ஜன்னலை எல்லாம் தகடு வைத்து அடைத்து, உள்ளே புதுக் கார்களை ஏற்றி அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். கார் பத்திரமாகப் போய்ச் சேர்கிறது, நல்ல வேலைதான். ஆனால் ஜன்னலோரம் ஒரு பிள்ளைகூட இல்லாத அந்த ரேக்கைக் கிராசிங்கில் நின்று பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஸ்க்ரூ கப்ளிங்:
அதை நானும் பார்த்திருக்கிறேன். கிராசிங்கில் இல்லை, யார்டில். பெட்டி எண்ணைப் பார்த்தால் என் கையால் மாட்டியதாகக்கூட இருக்கலாம் என்று தோன்றியது.

என் நிபந்தனையைச் சொல்கிறேன். தினசரி ரயில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும், குறைந்த தூரம், 60-க்கு மேல் வேகம் கூடாது. ரேக்கை வழியில் பிரித்து மாட்டக் கூடாது, கிளம்புமுன் ஒரு தடவை மாட்டினால் மாலைவரை அப்படியே இருக்க வேண்டும். பாயிண்ட்ஸ்மேன் நடுவில் புகும் நேரம் அந்த அளவுக்குக் குறையும். இதற்குச் சம்மதம் என்றால் நானும் உங்கள் பக்கம் கையெழுத்துப் போடுகிறேன்.

பெரம்பூர் நீலம்:
தினசரி என்பதுதான் என் ஆசை. மார்க்கெட்டுக்குப் போகிறவரும் கல்லூரிக்குப் போகிறவரும் ஏறினால்தான் அது ரயில். ஆனால் நடுவில் குனிந்து போன ஆள் சொல்லும்போது நான் மறுத்துப் பேச முடியாது. ஞாயிறு சரி, 60 சரி. நிறம் மட்டும் நீலம், அதில் பேச்சே இல்லை.

அரக்கோணம் சீசன்:
நிறத்தில்தான் பேச்சு இருக்கிறது! நீலம் அப்புறம் வந்தது. ஐசிஎஃப் பெட்டி முதலில் மெரூன். நான் மூன்றாவது படிக்கும்போது அம்மாவோடு காட்பாடி போன பெட்டி மெரூன். ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துத் தூங்கி, இறங்கும்போது கன்னத்தில் கோடு கோடாக இருந்தது. மெரூன் அடித்தால்தான் என் கையெழுத்து.