பாவிச்ச சோனி ஆர்எக்ஸ்100: அரை மணித்தியாலத்தில என்னத்தைச் சோதிக்கலாம்?

கல்லடிக்கரை:
சோனி ஆர்எக்ஸ்100, 2012இல வந்த முதல் மொடல், பாவிச்சது ஒண்டு விலைக்கு வந்திருக்கு. வெளியால கீறல் இல்லை. விற்கிறவர் அரை மணித்தியாலம் கையில தருவார். தேவை மூண்டு: கோயில் சடங்கில இரவுப் படம், பின்னேர வாவி, தண்ணிக்குள்ள நிற்கிற நாரை. எதைப் பார்த்தால் நல்லது கெட்டது பிடிபடும்? 20 மெகாபிக்சல் கதை வேணாம்.

வாவிமீன்:
தம்பி, முதல்ல காதைக் குடுங்க. சூமை இருபது தரம் உள்ள வெளிய ஓட்டுங்க. ஒரே சீரா ஓடினாச் சரி. 'கிறிச்' எண்டு அரைஞ்சா மணல் போயிருக்கு. இடையில நிண்டு, நிப்பாட்டி மறுகா போடச் சொல்லித் திரையில எழுத்து வந்தா அப்படியே திருப்பிக் குடுங்க. லென்ஸ் தொகுதியையே மாத்தணும், பழைய கமராவுக்கு அந்தச் செலவு கட்டாது.

அடுத்தது தூசி. டயலை 'ஏ'யில (லென்ஸ் துவாரத்தை நாமே குறிக்கிற முறை) வைச்சு, எஃப் 11 (எஃப் எண் கூடினா துவாரம் சின்னது), ஐஎஸ்ஓ எண்ட ஒளி உணர்திறன் 125, வெறும் வானத்தை ஒரு படம். பிறகு சூமை முழுக்க உள்ள இழுத்து எஃப் 1.8இல ஒண்டு. எஃப் 11இல கறுப்புப் புள்ளி தெரிஞ்சு 1.8இல கரைஞ்சு போனா, தூசி சென்சரில (படம் பதியிற சில்லில) கிடக்கு. நீண்டு சுருங்கிற லென்ஸ் துருத்தி மாதிரிக் காத்தை இழுக்கும், தூசியும் கூட வரும். கழற்ற ஏலாத லென்ஸ் எண்டதால ஊதித் துடைக்க வழியில்லை.

விழுந்த கமராவா எண்டு பார்க்க, பேப்பர் தாள் நாலைச் சுவரில நாலு மூலைக்கும் ஒட்டுங்க. கமராவை நேரா வைச்சு, 2 செக்கன் டைமரில எஃப் 1.8இல எடுங்க. நாலு மூலையும் ஒரே அளவு மங்கினா அது லென்ஸின் குணம், எஃப் 4இல தெளியும். ஒரு மூலை மட்டும் மங்கினா கமராவைத் தலைகீழாப் பிடிச்சு இன்னொண்டு எடுங்க. மங்கல் எதிர் மூலைத் தாளுக்கு மாறினா லென்ஸ் சரிஞ்சிருக்கு. அதே தாள்தான் மங்கலா நிண்டா நீங்க நேராப் பிடிக்கல்ல.

மருதமுனை வெயில்:
மேல சொன்னதெல்லாம் பழுதைப் பிடிக்கிற வழி. பழுதில்லாத கமராவும் உங்க வேலைக்கு ஏலாமப் போகலாம்.

சடங்குக்கு நல்லது. சென்சர் 13.2 × 8.8 மி.மீ., சாதாரண சின்னக் கமராவில 6.17 × 4.55. பரப்பில நாலு மடங்கு. ஆனா ஒரு பொறி இருக்கு: சூம் இழுக்காத 28 மி.மீ.யில எஃப் 1.8, சூமை 100 மி.மீ.க்கு இழுத்தா எஃப் 4.9. வெளிச்சம் ஏழில ஒரு பங்காக் குறையும். 1/60 செக்கனில பிடிபட்ட ஆட்டத்துக்கு ஷட்டர் (வெளிச்சம் உள்ள விடுற நேரம்) 1/8 செக்கனுக்கு இறங்கும், கையெல்லாம் புகை மாதிரி இழுபடும். சூமைத் தொடாம நடந்து கிட்டப் போங்க. எல்ஈடி, டியூப் லைட்டுக்குக் கீழ 1/100 அல்லது 1/50 வைங்க, நம்ம கரண்ட் 50 ஹேர்ட்ஸ். 1/250 வைச்சா படத்துக்குப் படம் வெளிச்சமும் நிறமும் மாறும்.

நாரைக்கு இது சரிவராது, ஒளிக்காமச் சொல்றன். 30 மீற்றரில நிற்கிற ஒரு மீற்றர் உயர நாரை, 100 மி.மீ.யில படத்தின் உயரத்தில ஏழில ஒண்டுதான். பனசொனிக் டிஇசட்80 (2016) 720 மி.மீ. போகும், அதே நாரை படத்தை நிரப்பும். ஆனா அதில இருக்கிறது அந்தச் சின்ன சென்சர், கடைசி சூமில எஃப் 6.4. பொழுது சாய்ஞ்சா இறகெல்லாம் தண்ணிச் சாயம் மாதிரிக் குழம்பும். ரெண்டில ஒண்டைத்தான் தெரிவு செய்யலாம்.

பின்னேர வாவிக்கு எக்ஸ்போஷரை -0.7 வைச்சு (படம் கொஞ்சம் இருட்டா வரும்), ரோவும் (சுருக்காத மூலப் பதிவு) சேர்த்து எடுங்க. வெளிறிப்போன சூரியனை ஜேபெக்கில மீட்க ஏலாது. இந்த விஷயத்தில இப்போதைய போன் பல படங்களைத் தானே சேர்த்துக் குடுத்திரும், கமராவில நீங்கதான் மினக்கெடணும்.

உப்புக்காத்து:
நம்ம ஈரக்காத்துக்கு முதல் எதிரி பூஞ்சணம். போன் டோர்ச்சை லென்ஸுக்குச் சரிவா அடிச்சுப் பாருங்க. புள்ளியா இருந்தா தூசி, சிலந்தி வலை மாதிரிக் கிளை விட்டிருந்தா பூஞ்சணம். பூஞ்சணத்தை வாங்காதீங்க, கண்ணாடிப் பூச்சையும் தின்னும்.

பற்றரியைக் கழற்றிக் கண்ணாடி மேசையில வைச்சு விரலால சுழற்றுங்க. பம்பரம் மாதிரிச் சுத்தினா வீங்கிட்டுது. இது என்பி-பிஎக்ஸ்1, பிறகு வந்த ஆர்எக்ஸ்100 மொடல்களுக்கும் அதேதான், அதால மாத்திறது பெரிய பாடில்லை. வைஃபை இந்த முதல் மொடலில இல்லை, திரையும் மடங்காது.

வாங்கினாத் தோல் உறையில வைக்காதீங்க, அது ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். இறுகின மூடி டப்பாவில சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. ஜெல்லின் நீலமணி ஈரம் குடிச்சு இளஞ்சிவப்பானா வெறும் சட்டியில மெல்லிய நெருப்பில வறுங்க, மறுகா நீலம் வரும். சமைக்கிற சட்டியில வேணாம், பிள்ளைகளுக்கு எட்டவும் வேணாம்.

கல்லடிக்கரை:
நாரையை விட்டுப்போட்டன், சடங்குதான் முக்கியம். வானம் முகிலா இருந்தா எஃப் 11 சோதனை பிழைக்காதா?

வாவிமீன்:
முகில் நல்லது. போக்கஸை எம்எஃப்க்கு (கையால திருப்பிற முறைக்கு) மாத்தி மிகக் கிட்டவாத் திருப்பி வைச்சிட்டு எடுங்க. முகில் கலங்கிப் போகும், தூசிப் புள்ளி அப்படியே நிற்கும்.