காடெக்ஸ்: 'அடிக்கிழங்கு' வேண்டாம், 'திரள்தூர்' ஆகலாம்

அன்புடையீர், வணக்கம்.

இபோமியா போலுசியானா என்னும் கொடியின் காடெக்ஸை, அதாவது அதன் பருத்த அடியை, 'அடிக்கிழங்கு' என்று குறிக்கும் கலைச்சொல் வரைவின் முன்மொழிவை ஏற்கத் தயங்குகிறேன். ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் மடகாஸ்கரிலும் வளரும் இச்செடி, சர்க்கரைவள்ளியின் பேரினத்தையே சேர்ந்தது. சர்க்கரைவள்ளியில் பருப்பது வேர். ஒரு கொடியில் பல கிழங்குகள் விழும், பருவம் முடிந்ததும் வெட்டிவிடுவோம். போலுசியானாவிலோ தண்டும் வேரும் கூடுமிடம் ஒற்றைத் திரளாகப் பருத்து ஆண்டுதோறும் பெருக்கிறது; வறட்சியில் கொடி முழுதும் காய்ந்தாலும், நீரையும் மாவுப்பொருளையும் சேமித்து வைத்திருக்கும் அந்த அடி உயிரோடிருந்து, மழை கண்டதும் உச்சியில் துளிர்த்து, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புனல்வடிவப் பூக்களைத் தருகிறது. ஒரே பேரினத்தில் இவ்விரண்டையும் கிழங்கு என்றால் படிப்பவர் குழம்புவார். மாற்றாகத் தோன்றக்கூடிய 'கந்தம்', 'குமிழம்' ஆகியவை பாடநூல்களில் வேறு உறுப்புகளுக்கு ஏற்கெனவே வழங்குகின்றன.

செடியின் அடிக்குக் காவிரிப் படுகையில் 'தூர்' என்னும் சொல் நிலைத்திருக்கிறது. நெல் தூர் கட்டுகிறது என்கிறோம். வாழைக்குத் தூரில் எரு வைக்கிறோம். இலத்தீனில் காடெக்ஸ் என்பது அடிமரத்தையே குறித்ததால், மூலப் பொருளுக்கும் தூரே நெருக்கம். (ஏட்டுச் சுவடியைக் குறிக்கும் கோடெக்ஸ் அதன் திரிபு என்பது வேறு கதை.) மேட்டூர் அணை திறக்குமுன் ஆறுகளைத் தூர்வாரும் நம் ஊரில் தூர் என்றால் வண்டலும் நினைவுக்கு வருமே என்ற ஐயம் நியாயமானதுதான், ஆனால் வயலில் நிற்பவர் எவரும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை.

'பருந்தூர்' என்று முதலில் எண்ணினேன். அது ஏதோ ஓர் ஊரின் பெயராகவே காதில் விழுகிறது. எனவே வினைத்தொகையாகத் 'திரள்தூர்' என்பதைப் பரிந்துரைக்கிறேன். இவ்வுறுப்புள்ள செடிகளைத் 'திரள்தூர்த் தாவரங்கள்' எனலாம். வேறு குடும்பத்தைச் சேர்ந்த, நாற்றங்கால்களில் பெருமளவு விற்கும் அழகுச்செடியான அடீனியத்துக்கும் இது பொருந்தும்.

வரையறையில் ஒரு திருத்தம் தேவை. காடெக்ஸ் என்பது 'மண்ணுக்கு மேல் தெரியும் பருத்த அடி' என்று வரைவில் உள்ளது. போலுசியானா இயற்கையில் தன் தூரைப் பெரும்பாலும் மண்ணுக்குள்ளேயே வைத்திருக்கிறது. அழகுக்காக அதனை உயர்த்தி நடுவது தொட்டியில் வளர்ப்போரின் வழக்கம். அத்துடன், களிமண்ணும் ஐப்பசி மழையும் சேர்ந்த நம் பகுதியில் புதைந்த தூர் அழுகிவிடும் என்பதால் இங்குள்ளோர் கூடுதலாகவே உயர்த்துவர். ஆகவே 'மண்ணுக்கு மேல் தெரியும்' என்னும் தொடரை நீக்கிவிட்டு, 'தண்டும் வேரும் கூடுமிடத்தில் பருத்துப் பல்லாண்டு நிலைக்கும் சேமிப்புறுப்பு' என்று எழுத வேண்டுகிறேன்.