'அன்டிஸ்பியூட்டட் சாம்பியன்' – தமிழில் எப்படிச் சொல்வது?

பொ., சென்னை (2024 மே 16, வியாழன்)

சொல்லாக்கக் குழு அன்பர்களுக்கு வணக்கம். வரும் சனிக்கிழமை இரவு ரியாத்தில் குத்துச்சண்டை வீரர்கள் டைசன் ஃபியூரியும் ஒலெக்சாண்டர் உசிக்கும் மோதுகிறார்கள். மாணவர் இதழ் ஒன்றுக்காக முன்னோட்டக் கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். நாளை மாலை ஆறு மணிக்குள் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். கட்டுரையில் பதினோரு இடத்தில் 'அன்டிஸ்பியூட்டட் சாம்பியன்' வருகிறது. 'மறுக்க முடியாத சாம்பியன்' என்று எழுதினேன். "அப்படியானால் மற்ற சாம்பியன்களை மறுக்கலாமா அப்பா?" என்று கேட்டாள் என் மகள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

விஷயம் இதுதான். குத்துச்சண்டையில் பட்டமும் அதற்கு அடையாளமான பெல்ட்டும் வழங்கும் அமைப்புகள் நான்கு. டபிள்யூ.பி.சி. பட்டம் ஃபியூரியிடம், டபிள்யூ.பி.ஏ., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. மூன்றும் உசிக்கிடம். வெல்பவரிடம் நான்கும் சேரும்; அவரே 'அன்டிஸ்பியூட்டட்'. அதிக எடை கொண்டவர்களுக்கான ஹெவிவெயிட் பிரிவில் கடைசியாக எல்லாப் பட்டங்களையும் ஒருசேர வைத்திருந்தவர் லெனாக்ஸ் லூயிஸ். 1999 நவம்பரில் லாஸ் வேகஸில் ஹோலிஃபீல்டை வென்று அவர் அந்த இடத்தைப் பெற்றார். அதன்பின் கால் நூற்றாண்டாக யாருக்கும் அது வாய்க்கவில்லை. பிப்ரவரி 17இல் நடக்க வேண்டிய போட்டி, பயிற்சியில் ஃபியூரியின் கண்ணுக்கு மேலே கிழிந்ததால் மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. சொல்லைத் தேட எனக்கும் மூன்று மாதம் இருந்தது. தேடாமல் விட்டது என் தவறு. 'ஹெவிவெயிட்'டுக்கும் ஒரு சொல் தாருங்கள்.

மா.வே., மதுரை

சொல் நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. புறநானூற்று 189ஆம் பாட்டின் தொடக்கத்தைப் பாருங்கள்: "தெண்கடல் வளாகம் பொதுமை இன்றி வெண்குடை நிழற்றிய ஒருமையோர்க்கும்". 'பொதுமை இன்றி' என்றால் இன்னொருவருக்கும் பங்கு என்பது இல்லாமல். நான்கு பட்டமும் ஒருவரிடம் என்பதை நக்கீரனாரைவிட யாரால் சுருங்கச் சொல்ல முடியும்? 'ஒருகுடை வாகையர்' என்று எழுதுங்கள்.

த., தூத்துக்குடி

ஐயா, பாட்டு அருமை. ஆனால் நான் பள்ளியில் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பவன். குடை என்றால் அவர்களுக்கு மழைதான் நினைவுக்கு வரும். அரசன், வெண்கொற்றக்குடை என்று விளக்கி முடிப்பதற்குள் மூன்று ரவுண்டு முடிந்துவிடும். 'எல்லாப் பெல்ட்டும் பெற்ற சாம்பியன்' என்றால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

ச., கோவை

'எல்லாப் பெல்ட்டும் பெற்ற சாம்பியன்' விளக்கமே தவிர, கலைச்சொல் ஆகாது. பதினோரு தடவை எழுதினால் வாசகர் சலித்துப்போவார். 'நாற்பட்டயர்' என்று எவரும் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: லூயிஸ் காலத்தில் மூன்றுதான் கணக்கு. எண்ணைச் சொல்லுக்குள் வைத்தால் சொல் விரைவில் பழசாகும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த விளையாட்டில் மூன்று கருத்துகளைப் பிரித்துக் காட்டியாக வேண்டும். சில பட்டங்களை மட்டும் சேர்த்தவர், எல்லாவற்றையும் சேர்த்தவர், முன்னவரை நேருக்கு நேர் வென்று அவர் இடத்துக்கு வந்தவர். ஃபியூரி 2015 நவம்பரில் டூசல்டார்ஃபில் அப்போதைய சாம்பியன் கிளிட்ச்கோவை வென்றார். இரண்டு வாரங்களுக்குள் ஐ.பி.எஃப். தன் பட்டத்தைப் பறித்துக்கொண்டது. பட்டம் போனாலும் கிளிட்ச்கோவை வென்றவர் அவர்தானே? ஆகவே முறையே தொகைவாகையர், முழுவாகையர், வழிவாகையர். 'இணைவாகையர்' வேண்டாம், இணைப் பேராசிரியர் போல இன்னொருவரும் உடனிருக்கிறார் என்று பொருள்படும்.

மா.வே., மதுரை

'முழு' என்பது அளவைச் சொல்கிறது, ஆட்சியைச் சொல்லவில்லை. இருந்தாலும் அம்மையார் 'வாகை'யை விடாமல் பிடித்திருப்பதில் மகிழ்ச்சி. வாகையைப் போர் வெற்றி என்று மட்டும் எண்ணுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொல்காப்பியர் "தத்தம் கூற்றைப் பாகுபட மிகுதிப் படுத்தல்" என்கிறார். அவரவர் தம் கூற்றில், அதாவது தம் பிரிவில், மேம்பட்டு நிற்பதே வாகை. எடைப் பிரிவுகளுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் உண்டா? உசிக் 2018இலேயே, ஹெவிவெயிட்டைவிடக் குறைந்த எடைப் பிரிவான குரூசர்வெயிட்டில் நான்கு பட்டங்களையும் சேர்த்தவர். இப்போது அடுத்த கூற்றுக்கு வந்திருக்கிறார்.

பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்கிறேன். புறம் 80இல் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்துகிறான். ஒரு கால் மல்லனின் மார்பில், மறுகால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்தபடி பின்னே. நேரில் பார்த்துச் சொல்வதுபோல் இருக்கும். மகனோடு பகைகொண்ட தந்தை தித்தன் இதைக் காணட்டும் என்று புலவர் ஏங்குகிறாரே, அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்கும்.

பொ., சென்னை (வெள்ளி, பகல் 1.30)

ஐயா, பாட்டை நானும் எடுத்துப் படித்தேன். நன்றி. ஆனால் நான்கரை மணி நேரம்தான் இருக்கிறது. ஹெவிவெயிட்?

ச., கோவை

'கனரகம்' வாகனங்களுக்கு நிலைத்துவிட்டது. 'மிகுஎடை' மருத்துவர் சொல்லும் உடற்பருமன்போல் ஒலிக்கிறது. இந்தப் பிரிவுக்கு 200 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 90.7 கிலோ, என்ற கீழ் எல்லை மட்டுமே உண்டு. மேல் எல்லை கிடையாது. அதனால்தான் ஆறடி மூன்றங்குல உசிக் ஆறடி ஒன்பதங்குல ஃபியூரியை எதிர்கொள்ள நேர்கிறது. 'பேரெடை' என்று வைக்கலாம். பெருமை எங்கே முடிகிறது என்று அந்தச் சொல் கட்டுப்படுத்துவதில்லை.

கு., இராயபுரம்

1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது கூட்டத்தில் நானும் இருந்தேன். அத்தனை பேரும் தமிழர்கள். 'சாம்பியன்' என்றுதான் கூவினோம். அந்தச் சொல் அன்றே எங்களுடையதாகிவிட்டது. அதை எடுத்துவிட்டு வாகையர் என்று வைத்தால் அன்று கூவியவர்களுக்கே அந்நியமாகிவிடும். 'பேரெடை' நன்றாக இருக்கிறது. 'முழு'வும் இருக்கட்டும். முழு சாம்பியன்.

ச., கோவை

முழுச் சாம்பியன். 'முழுச் சம்பளம்' என்பதில் மிகும் ஒற்று இங்கேயும் மிகும். வாகையை இழப்பதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் உடன்படுகிறேன்.

த., தூத்துக்குடி

ஒற்றோடோ இல்லாமலோ, எனக்குச் சம்மதம்.

பொ., சென்னை (மாலை 5.40)

'பேரெடைப் பிரிவின் முழுச் சாம்பியன்' என்று பதினோரு இடத்திலும் மாற்றி அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

பொ., சென்னை (மே 19)

உசிக் வென்றுவிட்டார். ஒன்பதாம் சுற்றில் ஃபியூரி கயிற்றோடு கயிறாகத் தள்ளாடினார். நடுவர் எட்டுவரை எண்ணினார். புள்ளியிடும் நடுவர்களில் இருவர் 115–112, 114–113 என்று உசிக் பக்கம்; ஒருவர் 114–113 என்று ஃபியூரி பக்கம். விடியற்காலையில் மகளையும் எழுப்பிப் பார்க்கவைத்தேன். "இப்போது முழு" என்றாள்.

மா.வே., மதுரை (ஜூன் 30)

உசிக் ஐ.பி.எஃப். பட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டார், அது டேனியல் டுபுவா என்ற இன்னொரு வீரரிடம் போயிருக்கிறது. ஆறு வாரம்கூட நிலைக்கவில்லை. இப்போது அவரை என்னவென்று எழுதுவீர்கள்? 'முக்கால் சாம்பியன்' என்றா? 'முழு' குறைந்தால் பின்னம்தான் மிஞ்சும். குடைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு குடை இரு குடையாயிற்று என்று இயல்பாகச் சொல்லலாம். பெரும்பான்மை முடிவை ஏற்கிறேன். ஆனால் குழுவின் சொற்கோப்பில் 'ஒருகுடை வாகையர்' என்பதையும் மாற்றுச்சொல்லாகச் சேர்த்துவையுங்கள். பாட்டின் எண்ணை மறக்காமல் போடுங்கள்: 189.