வண்டியூர் கண்மாய்க்கு உள்ளான் பறவைகளைத் தெரிந்த ஒருவர் தேவை

மாசி முடிவதற்குள் ஒரு ஞாயிறு காலை, எங்கள் தெருப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் மதுரை வண்டியூர் கண்மாய்க்குப் பறவை பார்க்க அழைத்துப் போகிறேன். கோடை வெயில் ஏறிவிட்டால் வலசை வந்த பறவைகள் வடக்கே கிளம்பிவிடும்.

நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம் வரை நானே காட்டிவிடுவேன். நீரோரம் இரை தேடும் சிறு பறவைகளான உள்ளான்களில்தான் திணறல். சேற்றோரம் பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி நடந்தால் சாதா உள்ளான், சரி. முதுகில் வெண்புள்ளி தெறித்த பொரி உள்ளானும், அதைவிடக் கறுத்த இன்னொன்றும் எழுந்து பறந்துவிட்டால் எனக்கு இரண்டும் ஒன்றுதான்! பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் யாராவது கூட வருவீர்களா?

பைனாகுலர் இரவல் கிடைத்தாலும் நல்லது. பத்திரமாகத் திருப்பித் தருவேன். காலை வெயில் முதுகுக்குப் பின்னால் விழும்படி நிற்க எந்தக் கரை தோது? கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பவர்கள் மட்டும் மன்னிக்கவும்.