சிறுநீரக எம்.ஆர்.ஐ. கலைச்சொற்கள்: ‘மாற்றுச் சிறுநீரகம்’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். சிறுநீரக எம்.ஆர்.ஐ. படங்களைப் பற்றி எழுத நாம் தேடிவரும் தமிழ்ச் சொற்களுக்கு வந்த முன்மொழிவுகள் பற்றிய என் பதில் இது.

> பொருத்தப்பட்டதை ‘மாற்றுச் சிறுநீரகம்’ என்றும், நோயாளியின் பழையதைச் ‘சொந்தச் சிறுநீரகம்’ என்றும் வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, இரண்டிலுமே எனக்கு உடன்பாடில்லை. ‘கிட்னி மாத்தியாச்சு’ என்றால், பழுதானதை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதை வைத்துவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பழைய இரண்டையும் எடுப்பதே இல்லை. அவை முதுகுப்புறம், விலாவுக்கடியில், நாளடைவில் சுருங்கிப்போய் அங்கேயே இருக்கும். புதியது இடுப்புக்குழியில், அதுவும் பெரும்பாலும் வலப்பக்கத்தில் வைக்கப்படுகிறது. காலுக்குப் போகும் பெரிய தமனியோடும் சிரையோடும் அதன் குழாய்களைத் தைத்து, சிறுநீர்க்குழாயைச் சிறுநீர்ப்பையில் இணைப்பார்கள். ஆக ஒரே உடம்பில் மூன்று சிறுநீரகங்கள். ஸ்கேன் அறிக்கையில் அதைப் படித்துப் பதறும் குடும்பத்துக்கு ‘மாற்று’ என்ற சொல் மேலும் குழப்பத்தைத்தான் தரும்.

‘சொந்த’ என்பதிலும் சிக்கல் உண்டு. சிறுநீர்க்குழாய் மோசமாகச் சிதைந்த சிலருக்கு, அவர்களுடைய சிறுநீரகத்தையே எடுத்து அவர்களுடைய இடுப்புக்குழியிலேயே வைக்கிறார்கள். அது சொந்தமும்தான், பொருத்தியதும்தான்.

எம்.ஆர்.ஐ. எடுப்பவருக்கு, அது யாருடையது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே முதல் கேள்வி. விலாவுக்கடியில் இருப்பது மூச்சுக்கு மூச்சு மேலும் கீழும் நகரும், படம் கலங்கிவிடும். மூச்சை அடக்கச் சொல்லியோ, மூச்சின் ஓட்டத்தைக் கணக்கில் எடுத்தோதான் படம் பிடிக்க வேண்டும். இடுப்புக்குழியில் இருப்பதோ அதிகம் அசையாது, தோலுக்கும் அருகில் இருக்கிறது. வயிற்றின் மேல் வைக்கும் காயிலுக்கு (சமிக்ஞையைப் பிடிக்கும் கம்பிச்சுருள்) நல்ல சமிக்ஞை கிடைக்கும். அதற்கு வரும் நரம்புகளும் அறுவையின்போது அறுபட்டவை. அதனால் இரண்டிலும் கிடைக்கும் அளவுகளை அப்படியே அடுத்தடுத்து வைத்து ஒப்பிட முடியாது.

எனவே என் பரிந்துரை: தன்னிடச் சிறுநீரகம் (பிறவியிலிருந்தே இருந்த இடத்தில் இருப்பது), பொருத்திய சிறுநீரகம். கொடையாளியிடம் மிஞ்சியிருப்பதும் தன்னிடச் சிறுநீரகமே.

> ‘இயல் சிறுநீரகம்’ சுருக்கமாக இருக்கிறதே?

சுருக்கம்தான், அம்மா. ஆனால் ‘இயல் சிறுநீரகங்கள் சுருங்கியுள்ளன’ என்று எழுதினால், இயல்பாக இருப்பது எப்படிச் சுருங்கும் என்று கேட்பார்கள். பிறவியிலேயே இடுப்பில் அமைந்த சிறுநீரகத்தை என்ன செய்வது என்ற உங்கள் கேள்வி நல்ல கேள்வி. பிறந்த நாள் முதல் அது இருக்கும் இடம் அதுதான். தன்னிடம் என்பது அதற்கும் பொருந்தும்.

இரத்தத்தின் உயிர்வளி (ஆக்ஸிஜன்) நிலையைச் சார்ந்து படமெடுக்கும் போல்டு (BOLD) எம்.ஆர்.ஐ. முறைக்கு ‘உயிர்வளிப் படம்’ என்ற முன்மொழிவைத் தயவுசெய்து ஏற்க வேண்டாம். அந்த முறை உயிர்வளியை நேரடியாக அளப்பதில்லை. உயிர்வளியை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைச் சற்றே குலைக்கிறது. படத்தில் தெரிவது அந்தக் குலைவு. சிறுநீரகத்தின் அகணி (உட்பகுதி) எப்போதுமே உயிர்வளிப் பற்றாக்குறையோடு உழைக்கும் பகுதி. புறணியில் (வெளிப்பகுதியில்) உயிர்வளி அழுத்தம் சுமார் 50 மி.மீ. பாதரசம் என்றால், அகணியில் 10 முதல் 20 வரைதான். சிறுநீரைப் பெருக்கும் ஃபியூரோசமைடு மருந்தைக் கொடுத்தால் அங்கே உப்பை மீட்கும் வேலை குறைந்து, உயிர்வளிச் செலவும் குறைகிறது. சில நிமிடங்களில் படத்திலேயே அது தெரியும். பொருத்திய சிறுநீரகத்தை உடல் கடுமையாக எதிர்க்கும்போது, அகணியில் அந்தக் குலைவு வழக்கத்தைவிடக் குறைவாக இருப்பதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. அதாவது அங்கே உயிர்வளி கூடியதுபோலத் தெரியும், ஆனால் அது நல்ல அறிகுறியல்ல. ‘உயிர்வளிப் படம்’ என்று பெயர் வைத்துவிட்டால், உயிர்வளி கூடியது நல்லதுதானே என்று படிப்பவர் நினைத்துவிடுவார். ‘குருதி உயிர்வளி சார் படமெடுப்பு’ நீளம்தான். ஆனாலும் அந்தச் ‘சார்’ அவசியம்.

ஊசிமருந்தே இல்லாமல், தமனியில் பாயும் இரத்தத்தின் நீரையே காந்தத்தால் அடையாளமிட்டு இரத்த ஓட்டத்தை அளக்கும் முறைக்கு இன்னும் சொல் அமையவில்லை. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களிடம் சில காடோலினியம் மருந்துகள் (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றுபவை) தோலை இறுகச் செய்யும் நோயோடு தொடர்புடையவை என்று 2006இல் தெரியவந்த பிறகு, இந்த முறைக்கு மதிப்பு கூடியிருக்கிறது. ‘தமனிக் குருதிக் குறியிடல்’ என்று எழுதிப் பார்த்தேன். ஆங்கிலப் பெயரில் (arterial spin labelling) உள்ள ‘spin’ என்ற சொல்லுக்காகச் ‘சுழற்சி’ என்பதைச் சேர்த்தால் இரத்தச் சுழற்சியோடு குழம்பும் என்றுதான் விட்டேன். இயற்பியல் தெரிந்தவர்கள் இதற்குப் பதில் எழுதுங்கள்.