கலைச்சொல்: வியோலா–பியானோ படைப்புகளில் பியானோ பக்கவாத்தியமா?

அனைவருக்கும் வணக்கம்.

மேலை இசையின் ரொமாண்டிக் காலத்தில் (பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு), வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்திக் கருவியான வியோலாவுக்கும் பியானோவுக்கும் சேர்த்து எழுதப்பட்ட படைப்புகளைக் குறிக்க, ‘பியானோ பக்கவாத்தியத்துடன் வியோலா இசை’ என்ற தொடரை நண்பர் ஒருவர் முன்வைத்திருந்தார். கேட்டவுடன் விளங்கும் தொடர்தான். ஆயினும் அந்தக் காலத்தின் முக்கியமான படைப்புகளுக்கு அது பொருந்தாது என்று கருதுகிறேன்.

ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸ் 1894இல் இயற்றிய இரண்டு சொனாட்டாக்களை (பல பகுதிகள் கொண்ட கருவியிசைப் படைப்புகள்; ஓபஸ் 120, அதாவது படைப்பு எண் 120) எடுத்துக்கொள்வோம். மைனிங்கன் அரசவை இசைக்குழுவில் இருந்த ரிச்சர்ட் மியூல்ஃபெல்டின் கிளாரினெட் வாசிப்பில் மனம் பறிகொடுத்து எழுதியவை அவை. மறு ஆண்டு அச்சேறியபோது பிராம்ஸே அவற்றை வியோலாவுக்கும் மாற்றியமைத்துத் தந்தார். கிளாரினெட்டின் உச்சப் பகுதிகள் சிலவற்றை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினார், சில இடங்களில் ஒரே வில்வீச்சில் இரண்டு தந்திகள் ஒலிக்குமாறு சுரங்களைச் சேர்த்தார். முதல் சொனாட்டாவின் தொடக்கத்தில் வியோலா மௌனமாக இருக்கிறது. இரு கைகளும் ஸ்தாயி வேறுபாட்டுடன் ஒரே சுரங்களை ஒலிக்கப் பியானோதான் வாசலைத் திறக்கிறது, அதன் பிறகே வியோலா உள்ளே வருகிறது. பாடகர் விட்ட இடத்தைப் பற்றிக்கொண்டு பின்தொடரும் வயலினையே பக்கவாத்தியம் என்று கேட்டுப் பழகிய வாசகருக்கு, இங்கே அச்சொல் தவறான படத்தைத் தந்துவிடும்.

எதிர்வாதத்துக்கும் இடமுண்டு. ஷூபர்ட் 1824இல் ஆர்பெஜியோனே என்ற ஆறு தந்திக் கருவிக்காக எழுதிய சொனாட்டாவை இன்று வியோலாவில் அடிக்கடி வாசிக்கிறார்கள். அதில் பியானோ பெரும்பாலும் துணையாகவே நிற்கிறது. ஆனால் ஒரு வகைக்குப் பெயரிடும்போது விதிவிலக்கை அளவுகோலாக்க முடியாது. ஷூமன் 1851இல் எழுதிய ‘மேர்ஷன்பில்டர்’ என்ற வியோலா–பியானோ தொகுப்பின் முதல் துண்டைக் கேளுங்கள்: ஒரு கருவி சொல்வதை மற்றொன்று வாங்கித் திருப்பிச் சொல்கிறது.

அப்படியானால் வேறு எந்தச் சொல்? ‘இருவர் இசை’ என்று பிரித்து எழுதினால் பொருள் சரியாகவே வருகிறது. புணர்த்தினால் ‘இருவரிசை’ ஆகி, சரளி வரிசை, ஜண்டை வரிசைக்கு அடுத்த பாடம்போல ஒலிக்கிறது. ‘இணையிசை’ அழகானது, ஆனால் இந்தக் காலத்தில் ‘இணைய இசை’ என்று படிக்காதவர் யார்? ஆகவே ‘இணைக்கருவியிசை’ என்பதை முன்மொழிகிறேன். சற்று நீளம்தான். எனினும் ‘இணை’ என்பதில் இரண்டு என்ற எண்ணிக்கையும் சமநிலையும் ஒருங்கே இருக்கின்றன. மூவர், நால்வர் வாசிக்கும் வடிவங்களுக்கு ‘முக்கருவியிசை’, ‘நாற்கருவியிசை’ என்று இதே வழியில் சொற்களை ஆக்கிக்கொள்ளலாம். தலைப்புகளில் ‘வியோலா–பியானோ இணைச்சொனாட்டா’ என்று சுருக்கமாக எழுதினால் போதும்.

இவை அனைத்துக்கும் பொதுப்பெயராக ‘அறையிசை’ (chamber music) இருக்கட்டும். அவ்வகை இசை இன்று பெரிய அரங்குகளிலும் ஒலிப்பதால் ‘அறை’ பொருந்தாது என்ற ஆட்சேபணையை நான் ஏற்கவில்லை, ஏனெனில் ஒரு பகுதிக்கு ஒரே கலைஞர், நடத்துநர் இல்லை என்பவையே அதன் இலக்கணம், இடம் அன்று.

கருவியின் பெயரை ‘வியோலா’ என்றே ஒலிபெயர்ப்போம். ‘பெரிய வயலின்’ என்ற பரிந்துரை அளவை மட்டுமே சொல்கிறது. வயலினைவிட ஐந்து சுர இடைவெளி தாழ்ந்த சுருதியமைப்பையோ, அதற்குரிய தனிச் சாவிக்குறியையோ (clef, எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் குறி) அது உணர்த்தவில்லை. அந்தச் சாவிக்குறிக்கும் நம்மிடம் இன்னும் சொல் இல்லை. ‘இடைநிலைச் சாவி’ என்பது பொருந்துமா என்று மேலைச் சுரக்குறியீட்டில் பழகியவர்கள் சொன்னால் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.