புதுப்பிப்பு: மெல்லிய போன் பாக்கெட்டில் தாங்குமா?

"6 மி.மீ.க்குக் கீழே எந்த போனும் வேண்டாம், வளைந்துவிடும்" என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் பாதியைத் திருத்துகிறேன்.

கணக்கு மாறவில்லை. தடிமன் 8 மி.மீ.யிலிருந்து 5.6-க்கு இறங்கினால், அதே பொருளில் விறைப்பு (வளையாமல் தாங்கும் தன்மை) மூன்றில் ஒரு பங்காகிவிடும். 2014-இல் ஐபோன் 6 பிளஸ் 7.1 மி.மீ. இருந்தும் வளைந்தது. வால்யூம் பட்டனுக்காக ஓரத்து உலோகச் சட்டத்தில் வெட்டிய இடம்தான் பலவீனம். மாறியது பொருள். ஐபோன் ஏர் (5.6), கேலக்ஸி எஸ்25 எட்ஜ் (5.8) இரண்டிலும் டைட்டானியம் சட்டம், அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்கு விறைப்பு. ஆகவே முன் பாக்கெட்டில் தாராளமாக வைக்கலாம். பின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பைக்கில் உட்காருவது? இப்போதும் வேண்டாம்தான்.

கண்ணுக்குத் தெரியும் வளைவைவிட உள்ளே நடப்பதுதான் தொல்லை. தினமும் கொஞ்சம் வளைந்து நிமிர்ந்தால் சிப்புக்கு அடியில் அதை சர்க்யூட் போர்டோடு இணைக்கும் சால்டர் (பற்றாசு) உருண்டைகள் விரிசல் விடும். ஐபோன் 6 பிளஸில் திரை உச்சியில் சாம்பல் பட்டை துடித்து, டச் செத்துப்போனது இதனால்தான். திரையை மாற்றினாலும் சரியாகாது, கோளாறு போர்டில்.

சோதிக்க: கவரைக் கழற்றி, திரை கீழே இருக்கும்படி கண்ணாடி மேசையில் வையுங்கள். மூலையை அழுத்தும்போது ஆடினால், அல்லது ஏ4 தாள் (சுமார் 0.1 மி.மீ.) விளிம்பைத் தாண்டி நடுப்பகுதிக்குள் நுழைந்தால் வளைந்திருக்கிறது. கையால் நிமிர்த்தாதீர்கள், பேட்டரி உள்ளே இருக்கிறது. பின்மூடி உப்பித் தெரிந்தால் அது பேட்டரி வீக்கம். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள்.